கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளை: மேற்படிப்புக்கு எந்த வாசலைத் தட்டலாம்?

ஒரு காலத்தில் தோட்டப்புறத்துப் பிள்ளை ஆறாம் படிவம் தாண்டுவதே ஊர் பேசும் செய்தியாக இருந்தது. இன்று பால் வெட்டியும் குலை அறுத்தும் பெற்றோர் படிக்கவைத்த பிள்ளைகள் பலர், கணிதம், புள்ளியியல், பொறியியல் என்று பட்டம் பெற்று வருகிறார்கள். பட்டம் கைக்கு வந்ததும் வீட்டில் புதிய பேச்சு தொடங்குகிறது. "அப்பா, மேலே எம்.எஸ்சி. படிக்கலாம் என்று நினைக்கிறேன். குவாண்டிடேட்டிவ் பைனான்ஸ்" என்கிறாள் மகள். அப்பாவுக்கு அந்தப் பெயர் வாயில் நுழையவில்லை. "அது படித்தால் என்ன வேலை கிடைக்கும்மா?" என்று அம்மா கேட்கிறார்.

நியாயமான கேள்வி. அதோடு இன்னும் இரண்டு கேள்விகளும் உண்டு. எங்கே படிப்பது? யார் பணத்தில் படிப்பது? இந்த மூன்றையும் சேர்த்து வைத்துப் பார்த்த பிறகே விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடவேண்டும். கல்லூரியின் பெயரை மட்டும் பார்த்து முடிவு செய்கிற குடும்பம், பிள்ளை சம்பாதிக்கத் தொடங்கும் முன்பே கடனில் மூழ்கிவிடக் கூடும்.

இது என்ன படிப்பு?

தோட்டத்தில் வாழ்கிறவர்களுக்கு இதை விளக்குவது பட்டணத்தாருக்கு விளக்குவதைவிடச் சுலபம். ஏனென்றால் சரக்கின் விலை ஏறி இறங்கினால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியும். 2022-ஆம் ஆண்டு மார்ச் மாதம் செம்பனை எண்ணெய் டன் 7,000 ரிங்கிட்டைத் தாண்டியது. அதே ஆண்டு செப்டம்பரில் 3,500 ரிங்கிட்டுக்கும் கீழே வந்துவிட்டது. ஆறு மாதத்தில் பாதி விலை!

இப்படி ஆடுகிற விலையை நம்பி எண்ணெய் ஆலை எப்படித் தொழில் நடத்துவது? மூன்று மாதம் கழித்து வரப்போகும் எண்ணெய்க்கு இன்றே விலை பேசிவிடுவது ஒரு வழி. இந்த வியாபாரம் கோலாலம்பூர்ச் சரக்குச் சந்தையில் 1980-ஆம் ஆண்டு அக்டோபரில் தொடங்கியது. இன்று அது புர்சா மலேசியாவின் கீழ் நடக்கிறது. ஓர் ஒப்பந்தம் என்பது 25 டன். டன் 4,000 ரிங்கிட் என்று பேசினால், ஓர் ஒப்பந்தத்தின் மதிப்பு 100,000 ரிங்கிட். விலை பேசாமல் காத்திருந்து, டன் 3,500-க்கு இறங்கிவிட்டால், அந்த 25 டன்னிலேயே 12,500 ரிங்கிட் நஷ்டம்.

இன்னொரு வழியும் உண்டு. "மூன்று மாதம் கழித்து 4,000 ரிங்கிட்டுக்கு விற்கும் உரிமை எனக்கு வேண்டும். விலை ஏறியிருந்தால் அந்த உரிமையை விட்டுவிட்டுச் சந்தை விலைக்கே விற்றுக்கொள்வேன்" என்று ஆலைக்காரர் கேட்கலாம். விலை இறங்கினால் நஷ்டமில்லை, ஏறினால் லாபம். இத்தகைய உரிமையை யாராவது சும்மா தருவார்களா? அதற்கு ஒரு கட்டணம் கேட்பார்கள். வீட்டுக்கும் காருக்கும் நாம் காப்புறுதிப் பணம் கட்டுவதைப் போன்றது இது. செம்பனை எண்ணெய் ஒப்பந்தத்தின் மேல் இப்படிப்பட்ட உரிமைகளை வாங்கி விற்கும் ஏற்பாடு 2012 முதல் நம் நாட்டிலும் இருக்கிறது.

அந்தக் கட்டணம் எவ்வளவாக இருக்கவேண்டும்? அதிகம் கேட்டால் வாங்க ஆள் வராது. குறைவாகக் கேட்டால் விற்றவர் ஆண்டியாகிவிடுவார். இந்தக் கணக்கைப் போடுகிறவர்தான் 'குவாண்ட்'. அந்தக் கணக்கைக் கற்றுத் தருவதுதான் குவாண்டிடேட்டிவ் பைனான்ஸ். தமிழில் கணித நிதியியல் எனலாம். எண்ணெய்க்கு மட்டுமல்ல, நாணய மாற்று, வட்டி, பங்கு, கடன்பத்திரம் எல்லாவற்றுக்கும் இதே கணக்குத்தான். வங்கிகள், காப்புறுதி நிறுவனங்கள், ஓய்வுகாலச் சேமிப்பை முதலீடு செய்யும் நிதிகள் ஆகிய இடங்களில் இவர்களுக்கு வேலை உண்டு.

வந்த வழி

இந்தக் கணக்கின் வயது நூறைத் தாண்டிவிட்டது. 1900-ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் லூயி பஷெலியே என்ற மாணவர், பங்குச் சந்தை விலையின் ஆட்டத்தைக் கணிதமாக எழுதி ஆய்வேடு சமர்ப்பித்தார். அன்று அதைப் பெரிதாகக் கவனித்தவர் குறைவு. 1940-களில் ஜப்பானியக் கணித மேதை கியோஷி இட்டோ, தற்செயலாக ஆடும் பொருள்களுக்கென்றே ஒரு நுண்கணிதத்தை உருவாக்கினார். 1973-இல் பிஷர் பிளாக், மைரன் ஷோல்ஸ் ஆகிய இருவரும் மேலே சொன்ன உரிமைக்கு விலை சொல்லும் சூத்திரத்தை வெளியிட்டார்கள். ராபர்ட் மெர்ட்டனும் அதே ஆண்டில் அதை விரித்து எழுதினார். ஷோல்ஸுக்கும் மெர்ட்டனுக்கும் 1997-இல் பொருளியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. பிளாக் அதற்கு இரண்டாண்டு முன்பே காலமாகிவிட்டார்.

நாம் பெருமைப்படத்தக்க பெயர் ஒன்றும் இத்துறைக்கு அருகில் இருக்கிறது. சென்னையில் 1940-இல் பிறந்து, மாநிலக் கல்லூரியில் படித்த எஸ்.ஆர்.சீனிவாச வரதன், நிகழ்தகவுக் கணிதத்தில் செய்த சாதனைக்காக 2007-இல் ஏபெல் பரிசு பெற்றார். அவர் 1963 முதல் பணியாற்றிய நியூயார்க் கூரண்ட் கணிதக் கழகத்தில் இன்று கணித நிதியியலுக்கென்றே முதுகலை வகுப்பு நடக்கிறது.

தொடக்கத்தில் வங்கிகள் பௌதிகம், கணிதம் ஆகியவற்றில் டாக்டர் பட்டம் பெற்றவர்களையே இந்த வேலைக்கு எடுத்தன. பிறகுதான் பல்கலைக்கழகங்கள் இதற்கென்று வகுப்புகள் திறந்தன. பாரிஸில் 1990-இல் நிக்கோல் எல் கரூயி அம்மையாரும் எலியெத் ஜெமான் அம்மையாரும் தொடங்கிய வகுப்பு உலகப் புகழ் பெற்றது. அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகம் 1994-இல் தொடங்கியது. சிங்கப்பூரில் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 1999-இல் தொடங்கியது.

ஒரே பெயர், வேறு வேறு சமையல்

பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது. 'பைனான்ஷியல் என்ஜினியரிங்', 'மேத்தமேட்டிக்கல் பைனான்ஸ்', 'குவாண்டிடேட்டிவ் பைனான்ஸ்' என்று பல பெயர்கள் உண்டு. எந்தத் துறை அதை நடத்துகிறது என்று பார்த்தால்தான் உள்ளே இருப்பது தெரியும்.

கணிதத் துறை நடத்தினால் தேற்றமும் நிரூபணமும் அதிகம். பொறியியல் துறை நடத்தினால் கணினியில் எழுதிப் பார்க்கும் வேலை அதிகம். வணிகப் பள்ளி நடத்தினால் சந்தை நடைமுறையும், வேலைக்கு ஆள் எடுக்கும் நிறுவனங்களோடு தொடர்பும் கூடுதலாக இருக்கும். நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கணிதத் துறையில் ஒரு வகுப்பும், பொறியியல் பள்ளியில் இன்னொரு வகுப்பும் தனித்தனியே நடக்கின்றன. ஒரே பல்கலைக்கழகம், இரண்டு வாசல்கள். சிங்கப்பூரிலும் அப்படியே. தேசியப் பல்கலைக்கழகத்தில் கணிதத் துறை நடத்துகிறது. நன்யாங்கிலும் சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகத்திலும் வணிகப் பள்ளிகள் நடத்துகின்றன.

பிள்ளையின் மனப்போக்கு எது? "ஏன் இப்படி?" என்று கேட்டு நிரூபணம் தேடுகிறவளா, "ஓட்டிப் பார்ப்போம்" என்று கணினி முன் உட்காருகிறவளா? இது தெரிந்தால் பாதிப் பட்டியல் தானாகக் குறைந்துவிடும்.

எங்கெங்கே, எவ்வளவு?

சிங்கப்பூர் நமக்குப் பக்கம். ஜொகூர் பாலத்தைத் தாண்டினால் போதும். ஏறக்குறைய ஓராண்டில் இருந்து ஒன்றரை ஆண்டில் முடிக்கலாம். கட்டணம் 50,000 சிங்கப்பூர் வெள்ளிக்கு மேல் ஆகும். ஒரு சிங்கப்பூர் வெள்ளி மூன்று ரிங்கிட்டுக்கு மேல் என்பதால், கட்டணம் மட்டுமே 150,000 ரிங்கிட்டைத் தாண்டும். அறை வாடகை, சாப்பாடு தனி. படித்து முடித்த பிறகு அங்கேயே வேலை பார்க்க வேலை அனுமதி வேண்டும். 2023 செப்டம்பர் முதல் அதற்குப் புள்ளி முறையும் வந்துவிட்டது. நிதித்துறைக்குச் சம்பள வரம்பும் மற்ற துறைகளைவிடக் கூடுதல்.

இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு, லண்டன் இம்பீரியல் கல்லூரி, வாரிக் முதலியவை பேர்பெற்றவை. ஆக்ஸ்போர்டு வகுப்பு பத்தே மாதம். படிப்புக் காலம் குறைவு என்பதால் சாப்பாட்டுச் செலவும் குறைவு. ஆனால் வேகம் மிக அதிகம். வகுப்பு தொடங்கிய சில வாரங்களிலேயே வேலைக்கு விண்ணப்பிக்கவும் தொடங்கிவிடவேண்டும்.

அமெரிக்காவில் இவ்வகுப்புகள் மிக அதிகம். செலவும் மிக அதிகம். புகழ்பெற்ற தனியார் பல்கலைக்கழகங்களில் கட்டணமே 80,000 டாலருக்கு மேல் போகும். நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பரூக் கல்லூரி இதற்கு ஒரு நல்ல விதிவிலக்கு. அது அரசாங்கக் கல்லூரி. கட்டணம் தனியாரைவிட வெகு குறைவு. வகுப்பில் சேர்ப்பதும் சிலரைத்தான். அதனால் இடம் கிடைப்பது கடினம். அங்கே படித்தவர்கள் பெரிய வங்கிகளிலும் முதலீட்டு நிறுவனங்களிலும் வேலை பெற்று வருகிறார்கள். விலை உயர்ந்ததே நல்லது என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

ஐரோப்பாவில் சூரிச் நகரின் இரண்டு பல்கலைக்கழகங்கள் சேர்ந்து ஆங்கிலத்தில் நடத்தும் வகுப்பு உண்டு. கட்டணம் குறைவு, ஆனால் சுவிட்சர்லாந்தில் வாழ்க்கைச் செலவு நெருப்பு. பாரிஸில் எல் கரூயி அம்மையார் தொடங்கிய வகுப்பிலும் கட்டணம் மிகக் குறைவு. ஆனால் பாடம் பிரெஞ்சு மொழியில்.

நம் நாட்டிலும் மலாயாப் பல்கலைக்கழகம், பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகம் போன்ற அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் கணிதம், புள்ளியியல் முதுகலை படிக்கலாம். வெளிநாட்டுச் செலவில் ஒரு சிறு பங்குதான் ஆகும். பெயரில் 'பைனான்ஸ்' இல்லையே என்று ஒதுக்க வேண்டாம். நிகழ்தகவும் புள்ளியியலும் கணினி நிரல் எழுதும் திறனும் உள்ளவளை நிறுவனங்கள் பட்டத்தின் பெயர் கேட்டு விரட்டுவதில்லை.

அப்பாவின் கணக்கு

இனிப் பணத்துக்கு வருவோம். 2025 பிப்ரவரி முதல் நம் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். சிங்கப்பூர்க் கட்டணமான 150,000 ரிங்கிட்டை அந்தச் சம்பளத்தால் வகுத்துப் பாருங்கள். 88 மாதச் சம்பளம்! ஏழு ஆண்டுக்கு மேல், ஒரு காசு செலவு செய்யாமல் சேர்த்தால்தான் அவ்வளவு வரும்.

கடன் வாங்கலாம் என்கிறீர்களா? 150,000 ரிங்கிட்டை ஆண்டுக்கு 5 விழுக்காடு வட்டியில் பத்து ஆண்டில் கட்டுவதென்றால், மாதம் ஏறக்குறைய 1,590 ரிங்கிட் கட்டவேண்டும். வேலை கிடைத்தால் மகள் கட்டுவாள். கிடைக்கத் தாமதமானால்? ஜாமீன் கையெழுத்துப் போட்ட அப்பா கட்டவேண்டும்.

அடுத்து எல்லோர் கண்ணும் போவது இ.பி.எப். மீதுதான். 2024 மே முதல் சேமநிதி மூன்று கணக்குகளாகப் பிரிந்திருக்கிறது. பிள்ளையின் உயர்கல்விக்கு செஜாத்ரா கணக்கிலிருந்து எடுக்க இடமுண்டு. சட்டம் அனுமதிக்கிறது என்பதற்காக எடுத்துவிடலாமா? ஐம்பதாயிரம் ரிங்கிட் எடுக்காமல் இருந்து, ஆண்டுக்கு 5 விழுக்காடு இலாபஈவு கிடைத்தால், பத்து ஆண்டில் அது 81,000 ரிங்கிட்டுக்கு மேல் ஆகும். தோட்ட வீட்டைக் காலி செய்ய வேண்டிய வயதில், சொந்த வீடும் இல்லாமல், சேமநிதியும் இல்லாமல் நிற்கும் பெற்றோரை நாம் பார்த்துத்தான் இருக்கிறோம். மகள் கைவிடமாட்டாள் என்பது உண்மையாக இருக்கலாம். ஆனாலும் அவள் தோளில் கடனையும் பெற்றோரின் முதுமையையும் ஒன்றாக ஏற்றி வைப்பது நியாயமா?

ஆகவே ஒரு வரம்பு வைத்துக்கொள்ளுங்கள். பெற்றோரின் ஓய்வுகாலப் பணத்தைத் தொடாமல் முடிகிற படிப்பு எதுவோ, அதுவே முதல் தேர்வு. மற்றவை அதற்குப் பிறகுதான்.

பிறர் பணத்தில் படிக்க முடியாதா?

முடியும். ஆனால் பொறுமை வேண்டும். இங்கிலாந்து அரசாங்கத்தின் செவனிங் உபகாரச் சம்பளம் ஓராண்டு முதுகலைக்கான கட்டணமும் வாழ்க்கைச் செலவும் தருகிறது. இரண்டு ஆண்டு வேலை அனுபவம் கேட்கிறார்கள். முடித்தபின் இரண்டு ஆண்டு தாய்நாட்டில் இருக்கவேண்டும். அமெரிக்காவுக்கு புல்பிரைட் திட்டம் உண்டு. நம் நாட்டில் கசானா அறநிறுவனமும் முதுகலைக்கு உதவுகிறது. இவை கிடைப்பது எளிதல்ல. ஆனால் விண்ணப்பிக்காதவருக்குக் கிடைப்பதே இல்லை.

இதில் ஒரு நன்மை ஒளிந்திருக்கிறது. இரண்டு ஆண்டு வேலை பார்த்துவிட்டுப் போகிறவள், எதற்காகப் படிக்கிறோம் என்று தெரிந்து போகிறாள். வங்கியில் அபாயக் கணக்குப் பிரிவிலோ காப்புறுதி நிறுவனத்திலோ சேர்ந்தால், கையில் கொஞ்சம் சேமிப்பும் இருக்கும். வேலை பார்த்துக்கொண்டே எப்.ஆர்.எம்., சி.எப்.ஏ. ஆகிய தேர்வுகளை வீட்டிலிருந்து படித்து எழுதலாம். காப்புறுதிக் கணிதமான அக்சுவரி துறையிலும் வேலையும் தேர்வும் ஒன்றாகப் போகும். பலருக்கு இதுவே போதுமானதாக அமைந்துவிடும்.

கணக்கில் உண்மையான ஆழம் உள்ளவளுக்கு இன்னொரு வாசல் உண்டு: டாக்டர் பட்டம். அமெரிக்காவிலும் சிங்கப்பூரிலும் ஆய்வு மாணவர்களுக்குக் கட்டணத்தைத் தள்ளி, மாதப்படியும் கொடுப்பது வழக்கம். நான்கைந்து ஆண்டு பிடிக்கும். சம்பாதிக்கத் தாமதமாகும், ஆனால் கடன் இல்லை. 1985-இல் கோல்ட்மன் சாக்ஸ் நிறுவனத்தில் சேர்ந்து பெயர் பெற்ற இமானுவல் டெர்மன் பௌதிகத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர்தான்.

சேரும் முன் கேட்கவேண்டியவை

1. சென்ற ஆண்டு படித்து முடித்தவர்கள் எத்தனை பேர்? மூன்று மாதத்தில், ஆறு மாதத்தில் வேலை பெற்றவர்கள் எத்தனை பேர்? நல்ல பல்கலைக்கழகங்கள் இதை ஆண்டுதோறும் அச்சிட்டு வெளியிடுகின்றன. வெளியிடாத இடத்தில் எழுதிக் கேளுங்கள். மழுப்பினால் யோசியுங்கள்.

2. என்ன வேலை பெற்றார்கள்? 'வங்கியில் வேலை' என்றால் போதாது. விலை கணக்கிடும் வேலையா, சாதாரண அலுவலக வேலையா?

3. நம்மைப் போன்ற வெளிநாட்டு மாணவர்கள் அங்கே எவ்வளவு காலம் வேலை தேடலாம்? அமெரிக்காவில் இப்படிப்பட்ட படிப்புகள் பலவற்றுக்குப் பட்டம் முடிந்தபின் 12 மாதமும், அதன்மேல் 24 மாதமும் வேலை பார்க்க இடமிருக்கிறது. விதிகள் அடிக்கடி மாறுவதால் சேரும் ஆண்டில் மறுபடி விசாரிக்கவேண்டும்.

4. படிப்புக்கு நடுவே நிறுவனங்களில் பயிற்சிக்குச் செல்ல விடுமுறைக் காலம் உண்டா? பத்து மாதப் படிப்பில் இதற்கு நேரம் கிடைப்பது அரிது.

5. வகுப்பில் எத்தனை பேர்? முப்பது பேருக்கு ஒரு வேலைவாய்ப்பு அதிகாரி இருப்பதற்கும் இருநூறு பேருக்கு ஒருவர் இருப்பதற்கும் வித்தியாசம் உண்டு.

6. முன்பணம் திரும்பக் கிடைக்குமா? இடம் கிடைத்த கடிதம் வந்ததும் சில வாரங்களில் பெரிய தொகை கட்டச் சொல்வார்கள். மற்ற இடங்களின் பதிலும் உபகாரச் சம்பள முடிவும் வரும்வரை தவணை நீட்டித் தரும்படி மரியாதையாக எழுதிக் கேட்கலாம். பல இடங்களில் தருவார்கள்.

7. நடுவில் ஏஜண்ட் எதற்கு? விண்ணப்பம் நேராகப் பல்கலைக்கழகத்துக்கே போடலாம். "நான் வாங்கித் தருகிறேன்" என்று பணம் கேட்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

பிள்ளைக்கு ஒரு சோதனை

விண்ணப்பம் போடுமுன் மகளே தன்னைச் சோதித்துக்கொள்ளட்டும். ஜான் ஹல் எழுதிய, வருங்கால ஒப்பந்தங்களைப் பற்றிய பாடநூல் பல்கலைக்கழக நூலகங்களில் கிடைக்கும். மூன்று மாதம், தினம் இரண்டு மணி நேரம் அதோடு உட்காரட்டும். அதில் வரும் சூத்திரத்தைப் பைதான் மொழியில் நிரலாக எழுதி, செம்பனை எண்ணெய் விலையை வைத்தே ஓட்டிப் பார்க்கட்டும். மூன்று மாதம் கழித்தும் ஆசை குறையவில்லை என்றால், இந்தத் துறை அவளுக்குப் பொருந்தும். சலித்துவிட்டால் நஷ்டம் மூன்று மாத மாலைப் பொழுதுகள்தான். 150,000 ரிங்கிட் அல்ல.

அதோடு ஓர் எச்சரிக்கையும் நினைவிருக்கட்டும். நோபல் பரிசு பெற்ற ஷோல்ஸும் மெர்ட்டனும் பங்குதாரர்களாக இருந்த லாங் டெர்ம் கேப்பிட்டல் மேனேஜ்மெண்ட் நிறுவனம் 1998-இல் சில மாதங்களில் 400 கோடி டாலருக்கு மேல் இழந்தது. கணக்கு சரியாக இருந்தாலும் கடன் அளவு மீறினால் காப்பாற்ற முடியாது என்பதே அதன் பாடம். வங்கிக்குப் பொருந்தும் இந்தப் பாடம் வீட்டுக்கும் பொருந்தும்.

பெற்றோர்களே, பிள்ளையின் ஆசைக்குத் தடை போடாதீர்கள். அதே சமயம் "எப்படியாவது பார்த்துக்கொள்ளலாம்" என்று கண்ணை மூடிக்கொண்டும் சம்மதிக்காதீர்கள். ஒரு மாலை வேளையில் குடும்பத்தோடு உட்கார்ந்து, ஒரு தாளில் கட்டணம், வாடகை, வட்டி, கையிருப்பு எல்லாவற்றையும் எழுதிக் கூட்டிப் பாருங்கள். அந்தக் கணக்கை மகளையே போடச் சொல்லுங்கள். சந்தையின் கணக்கைப் படிக்கப் போகிறவள், முதலில் தன் வீட்டுக் கணக்கைப் போட்டுக் காட்டட்டும். அது நேராக வந்தால், எந்த ஊர் வாசலாக இருந்தாலும் தைரியமாகத் தட்டலாம்.